ரொம்ப சும்மா

திருவண்ணாமலை செங்கம் சாலையில் ரமணாசிரமத்தை ஒட்டி நடந்தீர்களானால் பாதி போர்டுகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அடிக்கடி கண்ணில் படுவது 'ப்யூர் வெஜ்'. லண்டன்வாசிக்கு இது சற்று விசித்திரம். வெஜிடேரியனில் ப்யூர் என்ன, கலப்படம் என்ன? அவர் 'ஸ்ட்ரிக்ட்லி வெஜிடேரியன்' என்பார். ஓர் அட்ஜெக்டிவை அழுத்திச் சொல்ல அட்வெர்ப் வேண்டும், அதற்கு வாலில் ஒரு 'லி' வேண்டும் என்று நமக்குப் பள்ளியில் சொல்லித் தந்ததும் அதைத்தான். நாமோ 'சுத்த சைவ'த்தை அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைத்துவிட்டோம். நம் 'சுத்த' சைவத்துக்கு மட்டுமல்ல, 'சுத்தப் பொய்', 'சுத்த மோசம்' எல்லாவற்றுக்கும் வேலை செய்யும்.

ஆங்கிலக்காரரும் ஒழுங்கில்லை. நன்றாக விழித்திருப்பவர் 'வைட் அவேக்', நன்றாகத் தூங்குகிறவர் 'ஃபாஸ்ட் அஸ்லீப்'. இரண்டிலும் 'லி' இல்லை. தூங்குகிறவருக்கு எதற்கு வேகம் என்றால், அந்த 'ஃபாஸ்ட்' வேகமல்ல. உறுதியாக என்ற பழைய அர்த்தம். 'வெரி அஸ்லீப்' என்று எழுதினால் மார்க் போய்விடும். ப்ரெபொசிஷனுக்கும் இதே உபசாரம் உண்டு. 'ரைட் இன் தி மிடில்', 'ஜஸ்ட் பிஃபோர் டான்', 'டீப் வித்தின்'. வெளியிலிருந்து ஒரு சொல்லை அழைத்து வந்து முன்னால் நிறுத்துவது அவர்கள் வழக்கம்.

தமிழ் என்ன செய்கிறது, பாருங்கள். 'ரைட் இன் தி மிடில்' நமக்கு நட்டநடுவில். 'ஆல் அலோன்' தன்னந்தனி. 'பிட்ச் டார்க்' கும்மிருட்டு. 'வெரி ஃபர்ஸ்ட்' முதன்முதல். சொல்லே தன்னை இரட்டித்துக்கொண்டோ முறுக்கிக்கொண்டோ அழுத்தம் பெறுகிறது. வெளி ஆள் தேவைப்பட்டபோது சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று ஆறு பேரை நன்னூல் பட்டியல் போட்டது. இன்று சாலச் சிறந்தது, உறுதுணை என்று சிலது மிச்சம். மற்ற இடத்தையெல்லாம் 'ரொம்ப' பிடித்துக்கொண்டது. அது 'நிரம்ப'வின் தேய்வு. 'மிக' என்பதும் 'மிகு'விலிருந்து வந்ததே. அதாவது நம்முடைய 'வெரி'கள் அடிப்படையில் வினைச்சொற்கள். தமிழுக்கு வினைமேல் அப்படி ஒரு பிடிப்பு.

இந்த இலக்கணப் பாடம் எதற்கென்றால், ரமணரின் மிக முக்கியமான சொல் ஒரு அட்வெர்ப். சும்மா.

சும்மா இருப்பது என்ற விஷயம் இந்த ஊருக்குப் பழசு. முருகன் அருணகிரிநாதருக்குச் சொன்னதாகக் கர்ண பரம்பரை. தாயுமானவருக்கு மௌனகுரு சொன்னது. ரமணரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை விருபாட்ச குகையில் கேள்விகள் கேட்டது 1902 வாக்கில். அப்போது ரமணர் பேசுவதில்லை, எழுதிக் காட்டினார். அதுதான் 1923-ல் 'நான் யார்?' என்று புத்தகமானது. அதில் ஞான திருஷ்டிக்கு விளக்கமே சும்மா இருப்பதுதான். இதைச் சென்னைப் பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் டி.எம்.பி.மகாதேவன் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது 'ரிமெய்னிங் கொய்யட்' என்று போட்டார். வேறு பலர் 'பி ஸ்டில்'. இரண்டும் உலகம் சுற்றிவிட்டன.

என் புகார் இங்கேதான். ஆங்கில 'பி'க்குப் பின்னால் ஓர் அட்ஜெக்டிவ் வந்து உட்கார வேண்டும். பி கொய்யட், பி ஹாப்பி. தமிழ் 'இரு'வுக்கு அட்வெர்ப் போதும். அமைதியாக இரு, சந்தோஷமாக இரு. சரி, மொழிக்கு மொழி வழக்கம் வேறு, அமைதியாக இரு என்றால் பி கொய்யட், அதில் நஷ்டம் என்ன என்பீர்கள். அமைதியில் நஷ்டமில்லை. சும்மாவில் இருக்கிறது. நீங்களே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'ரொம்ப அமைதியா இருக்கான்' சரியாக வருகிறது. 'ரொம்ப சும்மா இருக்கான்'? வராது. 'ரொம்ப நாளா சும்மா இருக்கான்' வரும், ஆனால் அங்கே ரொம்ப என்பது நாளுக்குச் சேர்ந்தது, பையனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று அர்த்தம். சற்றே சும்மா, மிகச் சும்மா, பூரணமாகச் சும்மா எதுவும் கிடையாது. சும்மாவுக்கு டிகிரி இல்லை.

'ஸ்டில்'லுக்கு உண்டு. அது அட்ஜெக்டிவ் ஆன நிமிஷத்தில் அட்வெர்ப்கள் வரிசையாக வந்து ஒட்டிக்கொள்ளும். வெரி ஸ்டில், டீப்லி ஸ்டில், பர்ஃபெக்ட்லி ஸ்டில். ஆன்மிக ஆங்கிலத்தில் இவை சர்வ சாதாரணம். உடனே அது படிப்படியாக அடைய வேண்டிய ஒரு தகுதியாகிவிடுகிறது. நேற்றைவிட இன்று எவ்வளவு ஸ்டில், பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருப்பவர் என்னைவிட எவ்வளவு ஸ்டில் என்ற கணக்கு. அடைவதற்குப் புதிதாக எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவரின் வாக்கியத்துக்குள், மொழிபெயர்ப்பு ஓர் ஏணியைச் சாத்திவிட்டது. பனிக்காலத்தில் ஆயிரக்கணக்கான மைல் பறந்து வருகிறவர்கள் பலர் இந்த ஏணியோடுதான் வருகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

மகாதேவனையே முழுக்கக் குறை சொல்லிவிடவும் முடியாது. அதே பகுதியில் 'நான்' என்னும் நினைவு கிஞ்சித்தும் இல்லாத இடம் என்று ரமணர் சொன்னதற்கு அவர் 'ஆப்ஸொல்யூட்லி நோ' என்கிறார். தமிழ் அடியிலிருந்து மறுக்கிறது, துளிகூட இல்லை என்று. ஆங்கிலம் உச்சியிலிருந்து மறுக்கிறது, முற்றிலும் இல்லை என்று. இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. இது நல்ல மொழிபெயர்ப்பு.

'பி ஸ்டில்'லை மகரிஷியே மேற்கோள் காட்டியிருக்கிறாரே என்று ஆசிரம நூல்களைப் படித்தவர்கள் சண்டைக்கு வரலாம். உண்மைதான். பைபிளின் 46-ஆம் சங்கீதத்தில் வரும் சொற்கள் அவை. 1935 முதல் 1939 வரை முனகால வெங்கடராமையா குறித்துவைத்த 'டாக்ஸ்' தொகுப்பில் ரமணர் அதைப் பலமுறை சொல்கிறார். ஆனால் அந்தச் சங்கீதத்தின் எபிரேய மூலத்தைப் பார்த்தால் சுவாரஸ்யம். அங்கே அட்ஜெக்டிவே இல்லை. 'விடு, தளர்த்து' என்ற பொருளில் ஒரு வினைச்சொல், ஏவல். அதை ஆங்கில பைபிள்தான் 'பி' ஒன்றும் அட்ஜெக்டிவ் ஒன்றுமாகப் பிரித்தது. தமிழ் பைபிள் 'அமர்ந்திருந்து' என்று வினையாகவே வைத்திருக்கிறது. எபிரேயமும் தமிழும் ஒரு கட்சி, ஆங்கிலம் தனிக் கட்சி.

அப்படியானால் ஆங்கிலத்தில் எப்படித்தான் சொல்வது? 'ஜஸ்ட் பி' கொஞ்சம் கிட்ட வருகிறது. 'ஜஸ்ட்' அட்வெர்ப், டிகிரி இல்லாதது, எதையும் சேர்க்காமல் எல்லாவற்றையும் கழிப்பது. ஆனால் அதில் டி-ஷர்ட் வாசகத்தின் வாடை. என் ஓட்டு டேவிட் காட்மன் 1985-ல் தன் தொகுப்புக்கு வைத்த தலைப்புக்கு: 'பி ஆஸ் யூ ஆர்'. அட்ஜெக்டிவை உள்ளேயே விடவில்லை. முன்னால் 'வெரி' போட்டுப் பாருங்கள், நிற்காது.

சும்மாவின் மற்ற வேஷங்களை எந்த மொழிபெயர்ப்பாளரும் சமாளிக்க முடியாது, அதை மன்னித்துவிடலாம். சும்மாதான் வந்தேன் என்றால் காரணமில்லை. சும்மா கிடைத்தது என்றால் காசில்லை. சும்மா சொன்னேன் என்றால் பொய். சும்மா சும்மா வராதே என்று இரட்டித்தால் ஓயாத தொந்தரவு. அமைதிக்கு நேர் எதிர். 2007-ல் 'சிவாஜி' படத்தில் ரஜினி பேசிய வசனத்தில் அதிர்வுக்கு முன்னால் ஒரு சும்மா வருமே, அது சுத்தமான அழுத்த அட்வெர்ப், 'வெரி'யின் பெரியண்ணன். குகையில் அசைவை நிறுத்திய அதே சொல் தியேட்டரில் ஸ்பீக்கரைக் கிழித்தது. எந்த டிக்ஷனரியிலாவது இந்த இரண்டையும் ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தால் எனக்கு எழுதுங்கள். அவசரமில்லை, சும்மா இருக்கும்போது.