கோல்ப் திடலும் கருப்பொருளும்

ஈப்போவில் நடைபெறும் சுல்தான் அஸ்லான் ஷா கிண்ண ஹாக்கிப் போட்டியைப் பற்றி எழுதுவோர் திடலை வருணிப்பதில்லை. வருணிக்க வேண்டியதும் இல்லை. 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம் என்பது உலகெங்கும் ஒன்றே. கோல்ப் ஆட்டம் அத்தகையதன்று. குழியின் வாய் 108 மில்லிமீட்டர் என்பதும், பெரும் போட்டிகளில் குழிகள் 18 என்பதுமே பொது. மேடு, பள்ளம், நீர், மணல், புல் ஆகிய யாவும் இடத்துக்கு இடம் வேறு. எதிராளி பந்தை மறிக்க வருவதில்லை; மறிப்பது நிலமே.

இவ்வாட்டம் குறித்துத் தமிழ் நாளேடுகளில் வரும் செய்தியோ பெரும்பாலும் நான்கு வரிகளில் முடிந்துவிடுகிறது. வென்றவர் பெயர், அவர் நாடு, எத்தனை அடி குறைவு, பரிசு எத்தனை டாலர். ஆங்கிலச் செய்தி நிறுவனம் அனுப்பும் வரிகளிலிருந்து எண்கள் மட்டும் தமிழுக்கு வந்து சேருகின்றன. நிலம் வழியிலேயே நின்றுவிடுகிறது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்த இலக்கணம் உடைய மொழியில் இவ்வாறு எழுதப்படுவது வியப்புக்குரியது. நிலமும் பொழுதும் சொல்லாமல் அகப்பாட்டொன்றை நடத்தும் ஆசிரியர் உண்டோ?

நிலத்தை எழுதுவதால் விளையும் பயனுக்கு அமெரிக்காவின் அகஸ்டா திடல் சான்றாகும். அங்கே 11, 12, 13ஆம் குழிகள் அடுத்தடுத்து அமைந்த தாழ்வான பகுதிக்கு, 1958இல் ஹெர்பர்ட் வாரன் விண்ட் என்னும் எழுத்தாளர் தம் கட்டுரை ஒன்றில் ‘ஆமென் மூலை’ என்று பெயரிட்டார். பெயர் நிலைத்தது, அதன்பின் வாசகன் அம்மூலையை எதிர்பார்த்தே ஆட்டத்தைப் பின்தொடரலானான். 2016இல் ஜார்டன் ஸ்பீத் ஐந்து அடி முன்னணியோடு கடைசி ஒன்பது குழிகளைத் தொடங்கினார். 155 கெஜமே உள்ள 12ஆம் குழியில் இருமுறை ஓடையில் பந்தைப் போக்கி, மூன்றில் முடிக்க வேண்டியதற்கு ஏழு அடி கொண்டார். பட்டம் டேனி வில்லட்டுக்குப் போயிற்று. ஏழு என்ற எண்ணை மட்டும் அறிந்தவனுக்கு அது வெறும் தடுமாற்றம். அங்குள்ள பச்சைத்தரை ஒடுக்கமானது, குறுக்காகக் கிடப்பது, வலப்புறம் போகப் போகத் தொலைவு கூடுவது, முன்னே ஓடையும் பின்னே மணற்குழியும் உடையது, காற்றோ திசை மாறி மாறி அடிப்பது என்று அறிந்தவனுக்கே அது கதையாகிறது. அத்திடலின் குழிகளுக்கெல்லாம் மரஞ்செடிகளின் பெயர்கள் என்பதையும் இங்கே குறிக்கலாம். குறிஞ்சி, முல்லை என்று நிலத்தைப் பூவால் அழைத்தவர்களுக்கு இது புதிதன்று.

ஆயினும் ஆங்கில ஏடுகளின் வழியை அப்படியே மேற்கொள்ளுதலும் போதாது. 1934இல் தொடங்கிய அகஸ்டா போட்டியில், 1982 வரை ஆட்டக்காரர்கள் திடலின் சொந்தப் பை சுமப்போரையே அமர்த்த வேண்டியிருந்தது, அவர்கள் கறுப்பினத்தவர். கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர், லீ எல்டர், அங்கே முதன்முதலாகப் போட்டியிட்டதோ 1975இல்தான். நிலத்தின் ஒவ்வொரு சரிவையும் அறிந்தவர்கள் வருணனையின் ஓரத்திலேயே நின்றார்கள். முதற்பொருள் உண்டு, கருப்பொருள் குறைவு.

மலேசியாவிலும் இக்குறையே காணப்படுகிறது. 1999இல் உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்ற மைன்ஸ் திடல், ஒரு காலத்தில் பெரிய ஈயலம்பம். இராபர்ட் டிரெண்ட் ஜோன்ஸ் இளையவர் அதை வடிவமைத்தார். அமெரிக்கா வென்றது, டைகர் உட்ஸ் தனியாள் பட்டத்தையும் பெற்றார். பேராக்கில் பத்து காஜாவின் கிளியர்வாட்டர் திடலும் லம்பக் குட்டைகளைச் சுற்றி எழுந்ததே. பள்ளம் ஏரியாயிற்று என்று விளம்பரம் மகிழ்கிறது. ஈயம் கழுவிய மணலில் நீர் நில்லாது, உரம் தங்காது. அருகிலேயே சேறு படிந்த இடத்தில் கால் புதையும். அத்தகைய மண்ணில் புல்லை வளர்ப்பது எளிதன்று. அம்மண்ணை அவ்வாறாக்கிய லம்பத் தொழிலாளரில் பெரும்பாலோர் சீனர். பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியோர் தமிழர். சிலிபின், புந்தோங் வாசகருக்கு இது வீட்டுக் கதை. திடலைப் போற்றும் கட்டுரைகளில் இருதிறத்தாரையும் தேடித்தான் காண வேண்டும். கருப்பொருள்களை அடுக்குமிடத்தில் தொழிலைக் குறிக்கத் தொல்காப்பியர் ஆண்ட சொல் ‘செய்தி’ என்பதை இங்கே நினைவூட்டுதல் தகும்.

சொல்லிலும் இடர்ப்பாடு உண்டு. பை சுமப்பவரை ஆங்கில ஒலியிலேயே ‘கேடி’ என்று எழுதினால் தமிழில் அவர் போக்கிரியாகிவிடுகிறார்! ‘பை சுமப்பவர்’ என்பதும் பாதி உண்மையே. புல் எப்பக்கம் சாய்ந்து வளர்ந்துள்ளது, மாலை மழைக்குப்பின் பந்து எவ்வளவு உருளும், எந்தக் கோலை எடுக்க வேண்டும் என்று சொல்வதே அவருடைய உண்மையான வேலை. ‘திடற்றுணை’ என்றேனும் எழுதலாம்; இதனினும் நல்ல சொல் தமிழாசிரியர்களிடம் இருக்கக்கூடும்.

பெங்களூரில் இவ்வேலை பார்த்த சின்னசுவாமி முனியப்பா, 2009இல் இந்திய ஓப்பன் பட்டத்தைக் கூடுதல் ஆட்டத்தில் வென்றார். ‘பை சுமந்தவர் பட்டம் வென்றார்’ என்ற தலைப்பு எவருக்கும் எளிதில் வரும். அதில் வறுமையும் பரிசும் உண்டு, இடையில் உள்ள கல்வி இல்லை. பிறர் ஆட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் நிலத்தைப் படித்ததே அவர் பயின்ற பள்ளி. மலேசியத் தொழில்முறை ஆட்டத்தில் வி. நெல்லன், எம். இராமையா, பி. குணசேகரன் என்று தமிழ்ப் பெயர்கள் தொடர்ந்து வந்துள்ளன. அவர்கள் எடுத்த அடிகளின் கணக்கைப் பழைய ஏடுகளில் காணலாம். பச்சைத்தரையின் சாய்வை அவர்கள் எவ்வாறு படிக்கக் கற்றார்கள் என்று சொல்லும் தமிழ்க் கட்டுரை கிடைப்பது அரிது.