ஆறடி மனிதனும் பிரம்பு நாற்காலியும்

துப்பறியும் நாவல்களால் உலகத்துக்கு எந்த உபகாரமும் விளைந்ததில்லை என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தவன் நான். அந்த அபிப்பிராயத்தைச் சற்றே மாற்றிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. நம் நாட்டில் ஒரு தலைநகரத்தின் பெரிய கட்டடங்களுக்கு அளவு கொடுத்ததில் துப்பறியும் நாவல்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று தெரிந்துகொண்டபோது, எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. யோசிக்க யோசிக்கக் கர்வம் போய்க் கவலை வந்துவிட்டது.

விஷயம் இதுதான். ஸ்விட்சர்லாந்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே, 1940-களில் ஓர் அளவுமுறையை உருவாக்கினார். மாடுலர் என்று அதற்குப் பெயர். மனித உடம்பின் அளவிலிருந்து கதவு, ஜன்னல், கூரை எல்லாவற்றின் அளவையும் வருவிக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் எந்த மனிதனுடைய உடம்பு? முதலில் 175 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவனை வைத்துக் கணக்குப் போட்டார்கள். அடி அங்குலத்தில் அது சரியாக வரவில்லை. கூட வேலை செய்த ஒருவர் ஒரு யோசனை சொன்னார். ஆங்கிலத் துப்பறியும் நாவல்களில் வரும் போலீஸ்காரர்கள், லட்சணமான ஆண்கள் எல்லோரும் ஆறடி உயரந்தானே என்றார். ஆறடி என்று வைத்துக்கொண்டதும் கணக்கு அழகாகப் பொருந்திவிட்டது. அன்றிலிருந்து மாடுலர் மனிதனின் உயரம் 183 சென்டிமீட்டர். லெ கொர்புசியே இதை ஒளிக்கவில்லை. தம்முடைய புத்தகத்திலேயே சந்தோஷமாக எழுதியிருக்கிறார்.

அந்த ஆறடி மனிதன் 1951-இல் பஞ்சாபுக்கு வந்து சேர்ந்தான்.

1947-இல் நாடு பிரிந்தபோது லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லை. இமயத்தின் அடிவாரத்தில் ஒரு புது நகரம் கட்டுவதென்று முடிவாயிற்று. முதலில் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயரும் அவருடன் மாத்யூ நோவிட்ஸ்கியும் திட்டம் வகுத்தார்கள். இலை வடிவத்தில், வளைந்து வளைந்து செல்லும் சாலைகளோடு கூடிய திட்டம் அது. 1950-இல் நோவிட்ஸ்கி விமான விபத்தில் இறந்துபோனார். வேலை லெ கொர்புசியேயிடம் வந்தது. அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியேர் ஜன்னரே, இங்கிலாந்திலிருந்து மாக்ஸ்வெல் ஃபிரை, அவர் மனைவி ஜேன் ட்ரூ ஆகிய மூவரும் உடன் சேர்ந்தார்கள். வளைந்த சாலைகள் நேராயின. இலை, கட்டங்களாக மாறியது. சண்டிகர் பிறந்தது.

நான் கட்டடக் கலை படித்தவனல்ல. ஒரு நாவலை எப்படிப் படித்துப் பார்ப்பேனோ, அப்படித்தான் ஒரு நகரத்தையும் பார்க்கத் தெரியும். நாவல்களைப் பொறுத்தவரை எனக்கு ஒரு சோதனை உண்டு. கதாநாயகனையும் கதாநாயகியையும் நான் முதலில் பார்ப்பதில்லை. வேலைக்காரனைப் பார்ப்பேன். ‘வேலைக்காரன் காப்பியை வைத்துவிட்டுப் போனான்’ என்று பல நாவல்களில் வருகிறது. எங்கே போனான்? அவன் உட்கார ஓர் இடம் உண்டா? ஆசிரியருக்கு அது தெரியுமா? தெரிந்திருந்தால், எழுதாமல் விட்டாலும் பக்கத்தில் எங்கோ அது தெரிந்துவிடும். தெரியாவிட்டால் அதுவும் தெரிந்துவிடும். இந்தச் சோதனையைத்தான் சண்டிகருக்கும் வைத்துப் பார்த்தேன்.

முதலில் நகரத்தின் தலைமாட்டில் இருக்கும் காபிடல் வளாகம். உயர் நீதிமன்றம், தலைமைச் செயலகம், சட்டசபை மூன்றும் அங்கே இருக்கின்றன. 2016-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. காங்கிரீட்டை இப்படிப் பேசவைத்தவர்கள் உலகத்தில் வெகு சிலர். உயர் நீதிமன்றத்தின் மேல் இரண்டாவது கூரை ஒன்று பெரிய குடைபோலக் கவிந்திருக்கிறது. இரண்டு கூரைக்கும் நடுவே காற்று ஓடுகிறது. செயலகத்தின் நீளம் சுமார் 250 மீட்டர். ஜன்னல்களுக்கு முன்னால் வெயிலைத் தடுக்கும் காங்கிரீட் தட்டிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன.

ஆனால் நீதிமன்றத்துக்கு வருகிறவர்கள் யார்? நீதிபதி வருவார், வக்கீல் வருவார். இவர்களைவிட அதிகமாக வருகிறவன் கட்சிக்காரன். ஏதோ ஒரு கிராமத்திலிருந்து வரப்புத் தகராறுக்காக விடியற்காலையில் பஸ் ஏறி வந்தவன். அவன் பெயரைக் கூப்பிடும் வரையில் எங்கே நிற்பான்? கட்டி முடித்த பிறகுதான் இந்தக் கேள்வி எழுந்தது. வெயிலுக்கும் மழைக்கும் போதிய மறைப்பு இல்லையென்று குறை சொன்னார்கள். நீதிமன்ற அறைகளுக்கு முன்னால் நீளமாக ஒரு தாழ்வாரம் சேர்க்கப்பட்டது. ஆகாயத்தில் அவ்வளவு பெரிய குடையை விரித்த கலைஞருக்குக் கீழே நிற்கிறவனுக்கு ஒரு தாழ்வாரம் வேண்டும் என்று முதலில் தோன்றவில்லை. தாழ்வாரம் இல்லாத ஊரிலிருந்து வந்தவர் என்று அவரை மன்னித்துவிடலாம். ஆனால் மறந்துவிடக் கூடாது.

நீதிமன்றத்துக்கும் சட்டசபைக்கும் நடுவே ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் வெட்டவெளி. குடிமக்கள் கூடி உலாவுவார்கள் என்பது எண்ணம். நான் போயிருந்த ஜூன் மாதப் பகலில் அந்தக் காங்கிரீட் தரையில் ஒரு காக்கைகூட இல்லை. இப்போது பாதுகாப்புக் காரணங்களுக்காக வேலிகள் வேறு. வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடிகிறது. ஆறடி மனிதன் அங்கே கம்பீரமாக நடந்துபோவதை நான் கற்பனை செய்து பார்த்தேன். நிஜ மனிதன் யாரும் நடக்கவில்லை.

இதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் நான் நேர்மையான விமரிசகனல்ல. வளாகத்தை விட்டு ஊருக்குள் வந்தால் அபிப்பிராயம் மாறுகிறது.

சண்டிகரில் நகரம் முழுவதும் செக்டர் என்ற கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரு செக்டர் பொதுவாக 1200 மீட்டர் நீளம், 800 மீட்டர் அகலம். வேகமாகப் போகும் வண்டிகளுக்கான சாலைகள் செக்டரைச் சுற்றி வெளியே போகின்றன. வீடுகள் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. பள்ளிக்கூடம், கடைவீதி, புல்வெளி மூன்றும் உள்ளே. கட்டத்தின் குறுக்கே பசும்புல் பட்டை ஒன்று ஓடுகிறது. அதன் வழியாக நடைபாதை. இதன் பொருள் என்ன? ஏழு வயதுப் பையன் ஒருவன் பெரிய சாலையைக் கடக்காமல் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம். அவனுடைய தாய் வாசலில் நின்று கவலைப்பட வேண்டியதில்லை. அந்தப் பையனை யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவன் ஆறடி உயரமில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மரங்களும் அப்படித்தான். எம். எஸ். ரந்தாவா என்ற ஐ.சி.எஸ். அதிகாரி தாவர சாஸ்திரம் அறிந்தவர். எந்தச் சாலையில் எந்த மரம் என்று அவர் பார்த்துப் பார்த்துத் தீர்மானித்தார். ஒரு சாலை முழுக்கக் கொன்றை. இன்னொன்றில் வேறொரு பூமரம். சித்திரை வைகாசியில் நடந்துபோகிறவனுக்கு அந்த நிழல் அருமை. காங்கிரீட்டைக் குறித்து இன்றும் உலகம் வாதம் செய்கிறது. மரங்களைக் குறித்து யாரும் வாதம் செய்யக் கேட்டதில்லை.

வீடுகளில் என் சோதனைக்கு இரண்டு பதில்கள் கிடைத்தன. ஃபிரையும் ட்ரூவும் ஜன்னரேயும்தான் வீடுகளை வகுத்தார்கள். கையில் இருந்த பணம் குறைவு, ஆகவே செங்கல். ஆபீஸ் பியூனுக்குக் கொடுத்த மிகச் சிறிய வீட்டில்கூட இரண்டு அறை, சமையலறை, குளிக்குமிடம், கக்கூஸ், ஒரு முற்றம். 1950-களில் ஒரு கடைநிலை ஊழியனுக்கு இது சாமானியமான காரியமல்ல. கோடை இரவில் மொட்டை மாடியில் கட்டிலைப் போட்டுப் படுப்பது அந்த ஊர் வழக்கம். அதையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். வேலைக்காரன் காப்பியை வைத்துவிட்டு எங்கே போனான் என்பது இவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது பதில் அவ்வளவு இனிப்பானதல்ல. முதல் மந்திரியிலிருந்து பியூன் வரையில் பதவிக்கு ஏற்றபடி ஒரு டஜனுக்கு மேல் வீட்டு வகைகள். பெரிய மனைகள் வடக்கே, காபிடல் பக்கத்தில். தெற்கே போகப் போக நெருக்கம். விலாசத்தைச் சொன்னால் சம்பளத்தைச் சொன்ன மாதிரி. பழைய ஊர்களில் எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்பதில் உள்ள கொடுமையை நாம் அறிவோம். புது நகரம் அதைச் சம்பளப் பட்டியலை வைத்துத் திரும்ப எழுதிவிட்டது. அதுவும் போகட்டும். அந்தப் பட்டியலிலேயே இடம் இல்லாதவர்கள் இருந்தார்கள். மண் சுமந்து, கல் சுமந்து நகரத்தைக் கட்டிய கூலிக்காரர்களுக்குத் திட்டத்தில் வீடு இல்லை, குடிசை போட்டுக்கொண்டார்கள். ‘ரேஹ்ரி’ என்று அங்கே சொல்லும் தள்ளுவண்டிக்காரனுக்குக் கடைவீதியில் இடம் இல்லை; அவனாக வந்து நின்றான். இவர்களை விரட்டியதும், பிறகு கொஞ்சம் இடம் விட்டதும், மறுபடி விரட்டியதுமாகவே பல வருஷங்கள் போயின. ஐந்து லட்சம் பேருக்கென்று வகுத்த நகரத்தில் 2011 கணக்கெடுப்பின்படி பத்து லட்சத்துக்கு மேல் ஜனங்கள். ஆசிரியர் எழுதாத பாத்திரங்கள் தாங்களாகவே கதைக்குள் புகுந்துவிட்டார்கள்.

இனி, நாற்காலி.

புது நகரம் என்றால் புது ஆபீஸ். புது ஆபீஸ் என்றால் ஆயிரக்கணக்கில் மேஜை நாற்காலி வேண்டும். ஜன்னரே இதைக் கவனித்துக்கொண்டார். யூலி சௌத்ரி முதலிய இந்தியக் கலைஞர்கள் உடன் இருந்தார்கள். தேக்கு மரத்தில் சட்டம். முதுகுக்கும் இருக்கைக்கும் பிரம்பு. தலைகீழாக நிறுத்திய ‘வி’ எழுத்துப் போன்ற கால்கள். உள்ளூர்த் தச்சர்கள் செய்யக்கூடிய எளிய வேலை. பிரம்பின் கண்கள் வழியே காற்று போகும். கோடையில் எட்டு மணி நேரம் கோப்பு பார்க்கிற குமாஸ்தாவின் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளாது. நூல்நிலையத்துக்கு ஒரு மாதிரி; மாணவன் குறிப்பெழுதக் கைப்பலகை வைத்து ஒரு மாதிரி. நான் ஒன்றில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். நான் ஐந்தடி நாலங்குலம். என் கால்கள் தரையைத் தொட்டன. ஒரு நாற்காலியைப் பற்றி இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை.

பிறகு நடந்த கதை வேடிக்கையானது; வருத்தமானதும்கூட. வருஷங்கள் ஆயின, பிரம்பு அறுந்தது. பின்னுவதற்கு ஆள் தேடுவதைவிட இரும்பு நாற்காலி வாங்குவது ஆபீஸ்களுக்குச் சுலபமாக இருந்தது. பழையவற்றை மொட்டை மாடியில் குவித்தார்கள். பழைய சாமான் ஏலத்தில் விற்றார்கள். ஐரோப்பிய வியாபாரிகள் வந்து சில்லறை விலைக்கு வாங்கிப் போய்ப் புதுப்பித்தார்கள். இன்று அயல்நாட்டு ஏலங்களில் அவை லட்சக்கணக்கான ரூபாய்க்குப் போகின்றன. நாற்காலியின் முதுகில் வெள்ளை எழுத்தில் எழுதிய ஆபீஸ் பெயரும் எண்ணும் இருந்தால் இன்னும் மதிப்பு அதிகமாம். 2011-இல் மத்திய அரசு விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் தடை போட்டது. அதற்குள் எத்தனையோ கப்பல் ஏறிவிட்டன. குமாஸ்தாவுக்காகச் செய்த நாற்காலி கோடீசுவரனின் கூடத்தில் இருக்கிறது. குமாஸ்தா இரும்பில் உட்கார்ந்திருக்கிறான்.

இந்த நகரத்தின் குப்பையைக் கண்ணெடுத்துப் பார்த்த இன்னொருவரையும் சொல்லாமல் இருக்க முடியாது. நேக் சந்த், பொதுப்பணித் துறையில் சாலை இன்ஸ்பெக்டர். எல்லைக்கு அப்பால் போய்விட்ட ஒரு கிராமத்தில் பிறந்தவர். புது நகரத்துக்காக இடித்த கிராமங்களின் ஓடு, உடைந்த பீங்கான், வளையல் துண்டு இவற்றைச் சைக்கிளில் சுமந்து வந்து, கட்டடம் எதுவும் கூடாதென்று ஒதுக்கிய காட்டில், 1957 வாக்கிலிருந்து ரகசியமாகச் சிலைகள் செய்து நிறுத்தினார். 1975-இல் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். இடித்துத் தள்ளியிருக்க வேண்டியது. நல்லவேளை, 1976-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்று காபிடல் வளாகத்தின் வெட்டவெளியில் காணாத கூட்டத்தை அந்தத் தோட்டத்தில் பார்க்கலாம். திட்டத்தில் இல்லாத ஓர் இடம் திட்டத்துக்கே குறையாக நின்ற ஒன்றை நிரப்பிவிட்டது.

லெ கொர்புசியே பெரிய கலைஞர், அதில் சந்தேகமில்லை. மனிதகுலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அவர் கட்டினார். மனிதகுலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதும்போதுதான் நாங்களும் தவறு செய்கிறோம். மனிதகுலத்துக்கு உயரம் இல்லை, முதுகுவலி இல்லை, பஸ் பிடிக்கும் அவசரம் இல்லை. எந்த அளவு வேண்டுமானாலும் அதற்குக் கொடுக்கலாம். துப்பறியும் நாவலிலிருந்துகூட எடுத்துக் கொடுக்கலாம். ஜன்னரே ஓர் ஆளை நினைத்தார். அதனால் கால் தரையைத் தொடுகிறது.

நகரத்தைத் தொடங்கியவர்களில் மற்றவர்கள் வேலை முடிந்து திரும்பிப் போனார்கள். ஜன்னரே மட்டும் 1965 வரையில் அங்கேயே தங்கினார். உடம்பு முடியாமல் ஊர் திரும்பி 1967-இல் இறந்தார். அவர் விருப்பப்படி 1970-இல் அவருடைய அஸ்தியைக் கொண்டுவந்து சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைத்தார்கள். மாலை வேளையில் அந்த ஏரிக்கரையில் நல்ல கூட்டம் இருக்கும். கிழவர்கள் நடப்பார்கள், குழந்தைகள் ஓடும். நான் போன அன்று ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். ஏலத்தில் விற்கும் நாற்காலிகளைப் பற்றிச் சொன்னேன். பத்திரிகையில் பார்த்ததாகச் சொன்னார். சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, “முப்பது வருஷம் அதில்தான் உட்கார்ந்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்ற நினைப்பே வந்ததில்லை” என்றார்.

குறையாகத்தான் சொன்னாரோ என்னவோ. எனக்கு அதுவே நல்ல விமரிசனமாகப் பட்டது.