உறுமியின் கூலி

உறுமியை இசை என்று ஒத்துக்கொள்ளப் பலருக்குத் தயக்கம். இரைச்சல் என்று ஒதுக்கிவிடுவார்கள். இடை சிறுத்த அந்தத் தோல்கருவியைக் கிட்டத்தில் நின்று கவனித்தால் வேறு கதை. ஒரு முகத்தை நேர்க்குச்சி தட்டிக் காலம் சொல்ல, மறுமுகத்தில் வளைந்த குச்சி அழுத்தித் தேய்கிறது. அங்கே தோல் அடிபடுவதில்லை, முனகுகிறது. கையழுத்தம் கூடக் குறைய அந்த முனகல் ஏறி இறங்கும். தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பவரின் கால் அதைக் கேட்டுத்தான் நகர்கிறது. அவர் தளர்ந்தால் மேளம் வேகத்தை மாற்றும். கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் இந்தக் கீழ்நாதம் பாதி செத்துவிடும். காலுக்கும் மேளத்துக்கும் நடக்கும் அந்தப் பேச்சோ பதிவுக்குள் வரவே வராது.

யூடியூப், ஸ்பாட்டிஃபை எல்லாம் இருக்கிறதே, திறமைசாலியை ஊரே அறியுமே என்பார்கள். அறியும், மறுப்பில்லை. ஆனால் 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாவிட்டால் அதற்கு உரிமைத்தொகை கிடையாது. கிடைக்கும் சில்லறையையும் குழு முழுவதும் பங்கிட வேண்டும். உறுமிக்காரருக்குச் சோறு போடுவது இன்றும் நேரில் வாசிக்கும் கூலிதான். சினிமா மெட்டையே அடிக்கிறார்கள் என்ற குறை நியாயமானது. அதைக் கேட்டு விசிலடிப்பதும் நாம்தானே! பழைய அடியைக் கேட்டால் வாசிப்பார்கள். பினாங்கின் ஆயர் ஈத்தாமில் திருவிழாவோ காதுகுத்தோ வைப்பவர்கள் பேசிய தொகையைக் குறைக்காமல் அன்றைக்கே கொடுங்கள். காணொளி போட்டால் குழுவின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.