அல்லியை அடக்கும் கதை

வீட்டில் ஒரு பெண்ணின் சொல் கொஞ்சம் எடுபட்டுவிட்டால் போதும், "இங்கே அல்லி தர்பார் அல்லவா நடக்கிறது!" என்று நாம் சொல்லிவிடுகிறோம். சொல்லுகிறவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்கிற பெண்ணும் சிரித்து வைப்பாள். அந்த அல்லி யார், அவளுடைய தர்பாரில் அப்படி என்ன அநியாயம் நடந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை.

விசாரித்தால் விஷயம் சுவாரசியமானது. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் 'அல்லி அரசாணி மாலை'யில் வருகிற அல்லி, மதுரைப் பாண்டியனின் மகள். நீன்முகன் என்பவனை வென்று மதுரையின் ஆட்சியைக் கைப்பற்றியவள். ஆண் வாடையே ஆகாது என்று பெண்களைக் கொண்டே நாட்டை ஆண்டவள். அவள்மேல் ஆசை கொண்ட அர்ச்சுனன் அவளை நேர்நின்று வெல்லவில்லை. பாம்பு உருவெடுத்து அவளுடைய மஞ்சத்தில் ஏறி, அவள் உறங்கும்போது தாலியைக் கட்டிவிடுகிறான்! பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைகளில் விற்று, கூத்தாகவும் நாடகமாகவும் ஊர் ஊராகப் போன கதை இது. இத்தனைக்கும் பிறகு நம் பேச்சில் மிஞ்சியிருப்பது எது? அவள் பெற்ற வெற்றி மிஞ்சவில்லை. அந்தத் திருட்டுத் தாலியும் மிஞ்சவில்லை. பெண் ஆண்டால் கேலிக்கூத்து என்ற ஓர் அபிப்பிராயம் மாத்திரம் தங்கிவிட்டது.

அச்சுக்கூடங்களில் முன்பு ஒரு வழக்கம் உண்டு. எழுத்துக்களைக் கோத்துப் பக்கத்தை அமைத்தபின், அதன்மேல் காகிதக்கூழ் அட்டையை அழுத்தி அச்செடுத்து, அதில் ஈயத்தை உருக்கி ஊற்றி, பக்கம் முழுவதையும் ஒரே தகடாக வார்த்துவிடுவார்கள். அந்தத் தகட்டுக்கு 'ஸ்டீரியோடைப்' என்று பெயர். ஆயிரக்கணக்கில் அச்சடிக்க அது வெகு சௌகரியம். ஆனால் அதில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால், அந்த எழுத்தை மாத்திரம் எடுத்துவிட்டு வேறு எழுத்தை எளிதில் போட முடியாது. மனிதர்களைப் பற்றி நாம் முன்கூட்டியே வைத்திருக்கும் உறைந்துபோன அபிப்பிராயங்களுக்கு, அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்ட்டர் லிப்மன் 1922-ல் வெளியிட்ட தம்முடைய நூலில் இந்த அச்சுக்கூடச் சொல்லையே எடுத்தாண்டார். பொருத்தமான சொல்தான். நாம் அதை வார்ப்பு என்று வைத்துக்கொள்வோம்.

அல்லி என்ற வார்ப்பு சினிமாவுக்கு வந்த பிறகு செய்திருக்கும் பிரயாணம் கொஞ்சமல்ல. 1963-ல் 'அறிவாளி' வந்தது. சிவாஜி கணேசனும் பானுமதியும் நடித்த படம். அடங்காத பெண்ணைக் கணவன் அடக்குகிற கதை. அதன் மூலம், ஷேக்ஸ்பியர் பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய நாடகம். 1972-ல் 'பட்டிக்காடா பட்டணமா' வந்தது. பட்டணத்து நாகரிகத்தில் வளர்ந்த பெண்ணுக்கும் கிராமத்துக் கணவனுக்கும் பிணக்கு, பிரிவு, கடைசியில் சமாதானம். அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. 1992-ல் ரஜினிகாந்தும் விஜயசாந்தியும் நடித்த 'மன்னன்' வந்தது. 1999-ல் 'படையப்பா'வின் நீலாம்பரி வந்தாள். நினைவுக்கு வருகிறவற்றைத்தான் சொல்கிறேன். இடையில் வந்து போனவற்றை எண்ணப் புகுந்தால் இந்தக் கட்டுரை பட்டியலாகிவிடும்.

இவற்றில் 'மன்னன்' கதையை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். ஒரு பெண் பெரிய தொழிற்சாலைக்கு முதலாளி. கர்வம் உள்ளவள். தொழிலாளிகளை மதிப்பதில்லை. அவளிடம் வேலைக்கு வருகிறவன் கதாநாயகன். அவனை அடக்குவதற்காகவே அவள் அவனை மணந்துகொள்கிறாள். முடிவில் அவள்தான் அடங்குகிறாள்; தொழிற்சாலையை விட்டுவிட்டுக் குடும்பத் தலைவியாகிறாள். அரங்கம் கைதட்டுகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். அவள் செய்த குற்றம் எது? தொழிலாளிகளை மதிக்காதது. அது ஒரு முதலாளி செய்த குற்றம். அதற்குப் பரிகாரம் அவள் நியாயமான முதலாளியாக மாறுவதல்லவா? கூலியை உயர்த்தட்டும், தொழிலாளியின் குறையைக் காது கொடுத்துக் கேட்கட்டும், மன்னிப்பும் கேட்கட்டும். ஆனால் கதை கொண்டுவரும் முடிவு வேறு. குற்றம் நடந்தது தொழிற்சாலையில். பரிகாரம் செய்வதோ சமையலறையில்! இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று படம் பார்க்கிறவர்களுக்குத் தோன்றாதபடி செய்துவிடுவதில்தான் வார்ப்பின் சாமர்த்தியம் இருக்கிறது. குற்றம் அவளுடைய கர்வம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தண்டனை அவளுடைய பதவிக்குக் கிடைத்துவிடுகிறது.

"திமிர் பிடித்த பெண்கள் உலகத்தில் இல்லையா?" என்று கேட்பார்கள். தாராளமாக இருக்கிறார்கள். திமிர் பிடித்த ஆண்களும் இருக்கிறார்கள். நம் படங்களிலும் அவர்களுக்குப் பஞ்சமில்லை. பணத்திமிர் பிடித்த மிராசுதார் கடைசி ரீலில் திருந்துவது நமக்குப் பழகிய காட்சிதான். அவர் திருந்தினால் நல்ல மிராசுதார் ஆகிறார். நிலத்தை விட்டுவிட்டு அடுப்பு ஊதப் போவதில்லை. "ஆண்பிள்ளைக்குச் சொத்து வந்தாலே இப்படித்தான்" என்று யாரும் பேசிக்கொண்டு வெளியே வருவதுமில்லை. அவருடைய குற்றம் அவரோடு போகிறது. பெண்ணின் குற்றமோ அவள் படித்த படிப்பின்மேலும், பேசிய இங்கிலீஷின்மேலும், ஓட்டிய காரின்மேலும் ஏறிக்கொள்கிறது. அங்கிருந்து நம் வீட்டுப் பெண்ணின் படிப்பின்மேலும் வந்து இறங்குகிறது.

"இது நம் பண்பாடு, பெண்ணென்றால் அடக்கம் வேண்டும் என்றுதானே படம் சொல்கிறது?" என்று சிலர் பரிந்து பேசுவார்கள். அந்தப் பண்பாட்டின் முகவரியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 'அறிவாளி'யின் மூல நாடகம் நடக்கிற இடம் இத்தாலியில் உள்ள பதுவா நகரம். 'மன்னன்' 1986-ல் வந்த 'அனுராக அரளிது' என்ற கன்னடப் படத்தின் தழுவல். அதே கதை 1992-ல் தெலுங்கில் 'கரானா மொகுடு' ஆயிற்று. 1994-ல் ஹிந்தியில் 'லாட்லா' ஆயிற்று. தமிழில் பார்க்கிறவர் தமிழ்ப் பண்பாடு என்கிறார். ஹிந்தியில் பார்க்கிறவர் பாரதப் பண்பாடு என்கிறார். பதுவாவில் அதை என்னவென்று சொல்லியிருப்பார்களோ! தகடு ஒன்றுதான், ஊருக்கு ஊர் அதன்மேல் ஒட்டுகிற சீட்டுத்தான் வேறு.

படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் பெண்களுக்கு விரோதிகள் என்று நான் சொல்லமாட்டேன். இதில் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது. லட்சக்கணக்கானவர்களுக்கு இரண்டரை மணி நேரத்தில் ஒரு கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். ஒரு பெண்ணை உள்ளும் புறமுமாக அறிமுகப்படுத்த அவகாசம் ஏது? கறுப்புக் கண்ணாடி, வெட்டிய கூந்தல், விரலில் சுழலும் கார்ச்சாவி—இவ்வளவையும் காட்டினால், மிச்சத்தை ரசிகரே பூர்த்தி செய்துகொள்வார். வார்ப்பு மலிவானது, சோதித்துப் பார்த்தது, போட்ட முதலுக்கு மோசம் வராது. பாத்திரப் படைப்பு அப்படியல்ல. அதற்கு நேரமும் வேண்டும், நெஞ்சுறுதியும் வேண்டும்.

அதற்காக, வெகுஜனங்களுக்கென்று எழுதினால் வார்ப்பு தவிர வேறு வழியில்லை என்பதும் பொய். கல்கி 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் எழுதிய தொடர்கதையில்தான் நந்தினி வந்தாள். அவளும் கர்வி, வஞ்சம் வைத்தவள். ஆனால் அவளுடைய வஞ்சத்துக்கு ஒரு பழைய காயம் இருந்தது. அந்தக் காயத்தை ஆசிரியர் வாசகருக்குக் காட்டினார். வாசகர் அவளைக் கண்டு பயந்தார், அவளுக்காக இரங்கவும் செய்தார். 1974-ல் கே. பாலசந்தர் எடுத்த 'அவள் ஒரு தொடர்கதை'யின் கவிதா கடுஞ்சொல்காரி. வீட்டில் எல்லாரும் அவள் வாய்க்கு நடுங்குகிறார்கள். அந்த வீடே அவள் சம்பளத்தில் நடப்பதையும் படம் காட்டுகிறது. கடுமை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தபின் அவளை அடக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? ஜனங்கள் அந்தப் படத்தைப் புறக்கணிக்கவில்லையே! ரசனை இல்லை என்று ரசிகர்மேல் பழி போடுகிறவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

"பொழுதுபோக்குக்குப் பார்க்கிறோம், இதில் என்ன கெட்டுவிட்டது?" என்று கேட்கலாம். பெண்கள் உத்தியோகம் பார்க்கக் கூடாது என்று மேடையில் ஒருவர் பேசினால், நாம் எதிர்த்துப் பேசுவோம். வாதத்தால் வந்த அபிப்பிராயத்தை வாதத்தால் விரட்டலாம். சிரிப்போடும் பாட்டோடும் உள்ளே நுழைந்த அபிப்பிராயத்தை விரட்டுவது கஷ்டம். அது வந்து உட்கார்ந்ததே நமக்குத் தெரியாது. தேர்ந்த குடும்பம் ஒன்றில் பெண் பார்க்கப் போன கதையைச் சிநேகிதர் ஒருவர் சொன்னார். பெண்ணுக்குப் பாங்கியில் மேனேஜர் வேலை. கீழே இருபது பேர். பையனின் தாயார் படித்தவர், நல்லவர், வரதட்சிணை கூட வேண்டாம் என்றவர். "பெண் தங்கமாகத்தான் இருக்கிறாள். ஆனால் நாலு பேரை அதிகாரம் பண்ணிப் பழகினவள். நம்ம பிள்ளை சாது, பாருங்கள்!" என்றாராம். அந்தப் பெண் காபி கொடுத்துவிட்டு நமஸ்காரம் செய்ததைத் தவிர அங்கே எதுவும் செய்யவில்லை. அவள் கூடத்துக்கு வருமுன்பே அவளுடைய கதை முடிவு வரைக்கும் எழுதப்பட்டுவிட்டது.

2019-20-ம் ஆண்டின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருந்தார்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிற பெண்களை நாம் தினமும் பார்க்கிறோம். அவர்களில் சிலர் உத்தரவு கொடுக்கிறார்கள். பலர் உத்தரவுக்குக் கட்டுப்படுகிறார்கள். மாலையில் வீடு திரும்பிக் கூடத்தில் தொலைக்காட்சியைப் போட்டால், இங்கிலீஷ் பேசும் மருமகள் சூழ்ச்சி செய்கிறாள். நெற்றி நிறையக் குங்குமம் வைத்தவள் கண்ணீர் விடுகிறாள். சினிமாவாவது இரண்டரை மணியில் முடிந்துவிடும். இது வருஷக் கணக்கில், நாள் தவறாமல் வருகிறது. சமையலுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே, குழந்தைகள் பாடம் படிக்கிற கூடத்திலேயே வருகிறது.

படம் பார்க்காதீர்கள், தொடர் பார்க்காதீர்கள் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. கதையில் ஆசை இல்லாவிட்டால் நாம் மனிதர்கள் இல்லை. ஒரு சிறு கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள் என்கிறேன். கர்வம் பிடித்த பெண் கடைசியில் திருந்துகிறபோது, அவள் செய்த தவறு எது, கதை அவளிடமிருந்து பறித்தது எது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அது நியாயமான கதை, சந்தோஷமாகக் கைதட்டலாம். தவறு ஓரிடத்திலும் பறிப்பு வேறிடத்திலும் இருந்தால், உறங்குகிற பெண்ணின் கழுத்தில் மறுபடியும் யாரோ தாலி கட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.