மின் கட்டணத்தில் ஒரு கணக்குப் பாடம்: இலங்கையிலும் இந்தியாவிலும்

வகுப்பில் கற்ற கணக்கை வீட்டிலும் கடைத்தெருவிலும் எடுத்தாளும் திறன் மாணவரிடம் உண்டா என்பதை எழுத்துத் தேர்வு மட்டும் காட்டிவிடாது. இந்த எண்ணம் இந்தியாவிலும் இலங்கையிலும் வேரூன்றியதன் பயனாகவே, மாணவர் தாமே தரவு திரட்டி, ஆராய்ந்து, அறிக்கையாக எழுதித் தரும் செயல்திட்டம் மதிப்பீட்டில் இடம்பெற்றது. இந்தியாவில் இதற்கு வலுவூட்டிய 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பில், கணிதக் கல்விக்கான குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம். இலங்கையில் 1997ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்கள் பாடசாலை மட்டக் கணிப்பீட்டை, அதாவது ஒப்படை, செயற்றிட்டம் முதலியவற்றின் வழியே ஆசிரியரே மாணவரை அளந்தறியும் முறையை, முன்வைத்தன.

மதிப்பெண் சேரும் இடத்தில்தான் வழிகள் பிரிகின்றன. கொல்கத்தாவின் பவானிபூரில், மேற்கு வங்க மாநிலப் பாடத்திட்டத்தின்கீழ் மேனிலை வகுப்பில் கணிதம் பயிலும் மாணவருக்கு எழுத்துத் தேர்வுக்கு 80, செயல்திட்டத்துக்கு 20 என மதிப்பெண்கள் வகுக்கப்பட்டுள்ளன. அந்த 20 மொத்தத்தில் சேர்வதால், தாராளமாக வழங்கும் நெருக்கடி ஆசிரியர்மேல் விழுகிறது. இலங்கையின் கல்விப் பொதுத் தராதரப் பத்திர (க.பொ.த.) சாதாரண தரத்திலோ கணிப்பீட்டுப் பெறுபேறு பொதுப் பரீட்சைத் தரத்தோடு கலப்பதில்லை. ஆசிரியர் நேர்மையாக அளக்க இடமிருந்தும், அந்த அளவைப் பொருட்படுத்துவோர் குறைவு.

ஆனால் இவ்விரு குறைகளையும்விடப் பெரியது தலைப்புத் தேர்வில் உள்ளது. கணித மேதைகளின் வரலாற்றையும் பை (π) என்னும் எண்ணின் கதையையும் ஆயத்தப் புத்தகத்தைப் பார்த்து அழகாக எழுதித் தருவது செயல்திட்டம் ஆகாது. மாறாக, பவானிபூர் வீடு ஒன்றின் மின் கட்டணச் சீட்டை எடுத்துக்கொண்டால், அங்கு மின்சாரம் வழங்கும் சி.இ.எஸ்.சி. நிறுவனம் முதல் 25 அலகுக்கு ஒரு விலை, அடுத்த 35 அலகுக்குச் சற்றுக் கூடிய விலை என்று அடுக்கடுக்காகக் கணக்கிடுவதைக் காணலாம்; அலகைக் கிடை அச்சிலும் தொகையைக் குத்தச்சிலும் குறித்து வரைந்தால், அறுபடாத கோடு ஒவ்வோர் அடுக்கின் எல்லையிலும் மடங்கிச் செங்குத்தாகிக்கொண்டே போகிறது. இலங்கை வீடுகளுக்கான கட்டணத்தில், மாத நுகர்வு 60 அலகைத் தாண்டியதும் முதல் அலகு முதலே வேறொரு விலைப் பட்டியல் பொருந்துவதால், அங்கே கோடு அறுந்து மேலே தாவுகிறது. தமிழ்நாட்டின் இருமாதக் கணக்கில் இத்தகைய தாவல் 500 அலகில் நேர்கிறது. தொடர்ச்சியுள்ள சார்புக்கும் தொடர்ச்சியற்ற சார்புக்கும் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை எந்தப் பாடநூலும் தந்துவிட முடியாது. இலங்கையில் 61ஆவது அலகை எரிக்கும் குடும்பம் அந்த ஓர் அலகுக்காக உண்மையில் எவ்வளவு கூடுதலாகச் செலுத்துகிறது, அவ்வாறு வகுத்தது நியாயமா என்ற கேள்வியும் அதே வரைபடத்திலிருந்தே எழுகிறது.

இத்தகைய பணியில் வீட்டுக்கு வீடு எண்கள் மாறுவதால் ஒருவர் மற்றவரைப் பார்த்தெழுத முடியாது. ஆசிரியரும் அட்டையின் அழகை விட்டுவிட்டு, கோடு ஏன் அறுந்தது என்பதற்கு மாணவர் வாய்மொழியாகச் சொல்லும் காரணத்தைக் கேட்டு மதிப்பிடலாம். அதற்கு மாணவர் ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்களாவது வேண்டும். பொதுத் தேர்வுக்குள் பாடத்தை முடிக்கும் அவசரத்தில் கொல்கத்தாவிலும் கொழும்பிலும் முதலில் பறிபோவது அந்த நிமிடங்களே.