மெய்ப்பாடும் சமுதாய மாற்றமும்: நந்தன் கதை முதற் பஞ்சமர் வரை

உணர்ச்சி என்பது தனிமனிதர் உள்ளத்தே தோன்றி, உள்ளத்தேயே அடங்கிப் போவது என்பது பெரும்பாலார் கருத்து. சமுதாய மாற்றத்தை ஆராய்வோர் சட்டத்தையும் பொருளாதாரத்தையும் கல்வியையும் அதற்குக் காரணங்களாக எடுத்துக்காட்டுவர். கண்ணீரையும் வெட்கத்தையும் சினத்தையும் அக்கணக்கிற் சேர்ப்போர் மிகச் சிலரே. ஆயினும், ஒரு சமுதாயம் யாருக்காக அழுகின்றது, எதனைக் கண்டு வெட்குகின்றது, எதன்மேற் சினக்கின்றது என்பவற்றை அறியாது, அது மாறிய வரலாற்றை முற்ற அறிதல் இயலாது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே தீண்டாமை தளர்ந்த வரலாறும், அதனோடு ஒட்டி எழுந்த இலக்கியமும் இவ்வுண்மைக்குத் தக்க சான்றுகளாகும்.

உணர்ச்சியை ஆராய்வதற்குரிய அளவுகோலைப் பிற நாட்டார் நூல்களிலே தேடி அலைய வேண்டியதில்லை. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டினையும் வகுத்து, ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன்களிலே பிறக்குமெனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலுள் விதந்து கூறினார். அவர் கூறிய முறையிலே சமுதாய நோக்குடைய நுட்பமொன்று அமைந்து கிடக்கின்றது. அழுகைக்குரிய நிலைக்களன்களுள் முதலில் வைக்கப்பட்டது இழப்பன்று, வறுமையுமன்று, பிறரால் இகழப்பட்டு எளிமையுறுதலாகிய இளிவே முதலில் நிற்கின்றது. வெகுளியோ உறுப்பைச் சிதைத்தல், குடியை நலிதல், அலைத்தல், கொல்லுதல் ஆகிய கொடுமைகளாற் பிறப்பது. பெருமிதம் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கினாற் பிறப்பது. இகழப்பட்டவன் அழுகையிலிருந்து வெகுளிக்கும், வெகுளியிலிருந்து பெருமிதத்துக்கும் செல்லும் வழியே சமுதாய மாற்றத்தின் வழி என்பது இக்கட்டுரையின் துணிபு. அவ்வழியை இலக்கியம் திறந்ததுமுண்டு, அடைத்ததுமுண்டு.

அடைத்தமைக்கு எடுத்துக்காட்டாக நிற்பது நந்தன் கதை. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் வரலாற்றில் நந்தனாரைக் கொடுமைப்படுத்தும் பண்ணையார் எவருமிலர். வேதியர் ஒருவரை ஆண்டையாக்கி, நாற்பது வேலி நிலத்தின் பயிர்வேலையை நிபந்தனையாக்கி, தில்லைக்குப் போக விடைகேட்டு நந்தன் கெஞ்சும் காட்சிகளைப் படைத்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டினரான கோபாலகிருஷ்ண பாரதியார். அக்கீர்த்தனைகளின் இலக்கணப் பிழைகளைக் கருதிச் சிறப்புப்பாயிரம் தருதற்குத் தயங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள், பாரதியார் தாமே பாடக்கேட்டு உள்ளமுருகிப் பின்னர்ப் பாயிரம் வழங்கினார் என்பதை உ. வே. சாமிநாதையர் எழுதிவைத்துள்ளார். புலமையின் தடையையும் கரைக்கவல்ல ஆற்றல் அழுகைச் சுவைக்கு உண்டென்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டா.

ஆயினும், அவ்வழுகை எங்கே சென்று முடிகின்றது என்பதே வினா. சேக்கிழார் பாடலிலும் பாரதியார் கீர்த்தனையிலும் நந்தனார் தீயிலே மூழ்கி எழுகின்றார். வேறொரு திருமேனி பெற்றே திருக்கோயிலுட் புகுகின்றார். ஒன்று திரிந்து மற்றொன்றாதலைத் தொல்காப்பியர் ஆக்கம் எனப் பெயரிட்டு, மருட்கையாகிய வியப்புக்கு நிலைக்களனாக வைத்தார். இளிவினாற் பிறந்த அழுகை இங்கே வெகுளியை நோக்கிச் செல்லவில்லை, வியப்பிலே அடங்கிவிட்டது. மாறியது நந்தனின் உடம்பு. மாறாதது கோயிலின் வாயில். யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளிலே கதாப்பிரசங்கமாகவும், கொட்டகைகளிலே நாடகமாகவும் இக்கதை பலகாலம் விளங்கிற்று. கேட்டோர் கண்ணீர் உகுத்தனர் என்பதில் ஐயமில்லை. ஆனால், அழுதவர்கள் எழுந்து வீடு சென்றபோது, நந்தன் குலத்தார் மதிலுக்கு வெளியே நின்றவண்ணமே நின்றனர். பத்தி நூலென்ற வகையில் நந்தன் சரித்திரத்தின் உயர்வு இதனாற் குறையாது. எனினும், இரக்கம் ஒன்றே சமுதாயத்தைத் திருத்திவிடும் என நம்புவார்க்கு அஃது ஓர் எச்சரிக்கையாகும்.

இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலே 1852இல் வெளிவந்த, ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் 'அங்கிள் டாமின் குடிசை' என்னும் நாவல் அடிமை முறைக்கெதிராகப் பல்லாயிரவரைக் கண்ணீர் விடச்செய்தது. அடிமை ஒழிப்பியக்கத்துக்குப் பெருந்துணையுமாயிற்று. ஆயினும், 1949இல் நீக்ரோ இனத்து எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் அந்நாவலைக் கடிந்தெழுதினார். மிகையான இரக்கம் துன்புறுவோனை முழுமனிதனாகக் காணவொட்டாது தடுக்கின்றது என்பதே அவர் கண்டனத்தின் சாரம். இரக்கம் கொள்பவன் மேலேயும் இரக்கத்துக்குரியவன் கீழேயும் இருக்கும்வரை, இருவருக்குமிடையேயுள்ள படி அழிவதில்லை.

மேலே இருந்தாரிடத்தே இரக்கத்தினும் பயன்பட்ட உணர்ச்சி வெட்கமே. 1924இல் மாணவர் காங்கிரஸ் எனத் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கம், ஹண்டி பேரின்பநாயகம் முதலிய ஆசிரியர்களின் ஊக்கத்தினால் வளர்ந்தது. 1927 நவம்பரிலே காந்தியடிகள் அவ்வியக்கத்தாரின் அழைப்பையேற்று யாழ்ப்பாணம் வந்தார். நாட்டு விடுதலையைக் கேட்பவர் தம் அயலவனுக்கு வாங்கிலே இடங்கொடாதிருத்தல் நாணத்தக்கது என்னும் எண்ணம் அவ்விளைஞர் உள்ளத்திலே வேரூன்றியது. தீண்டாமைக்கெதிரான தீர்மானங்களும் சமபந்திப் போசனமும் அவ்வெட்கத்தின் விளைவுகளாம். ஆனால், 1930ஆம் ஆண்டளவிற் பாடசாலைகளிலே சம ஆசனம் வழங்கும் முயற்சி நடைமுறைக்கு வந்தபோது கடும் எதிர்ப்புக் கிளம்பிற்று. பாடசாலைகள் சில தீக்கிரையும் ஆயின. கற்றோர் சிலரின் வெட்கம் ஊராரின் வெட்கமாக இன்னும் மாறவில்லை.

சட்டம் பின்னர் வந்தது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. பாடசாலை, கடை, பொதுக்கிணறு, கோயில் முதலிய இடங்களிலே சாதியின் பெயரால் ஒருவரைத் தடுத்தல் குற்றமாயிற்று. சட்டம் கையைத் தடுக்கும். கண்ணிலே தோன்றும் அருவருப்பைத் தடுக்க அதனால் இயலாது. அவ்வருவருப்பை வெளிப்படுத்திக் காட்டும் பணியை இலக்கியமே மேற்கொள்ள வேண்டியிருந்தது.

அப்பணியைச் செய்தவருள் டொமினிக் ஜீவா முதன்மையானவர். சாதி இகழ்ச்சியால் இளமையிலேயே பாடசாலையை விட்டு நீங்கி, யாழ்ப்பாண நகரிலே முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே எழுத்தாளரானவர் அவர். 1960இல் வெளிவந்த 'தண்ணீரும் கண்ணீரும்' என்னும் அவருடைய சிறுகதைத் தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. அத்தலைப்பே யாழ்ப்பாணத்தின் நிலைமையைக் கூறுவதாகும். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டிலே சுண்ணக்கல்லைத் துளைத்த கிணறே உயிர்நாடி. கிணற்றுக்கு உரியவன் அள்ளி ஊற்ற, மற்றவன் காத்து நின்று ஏந்திய நாட்டிலே தண்ணீருக்கும் கண்ணீருக்கும் இடையேயிருந்த தூரம் மிகச் சிறிது. நந்தன் கதையிற் காணப்படாத ஒன்று ஜீவாவின் எழுத்திலே காணப்படுகின்றது. இகழப்பட்டவன் இங்கே பிறர் இரக்கும்படி நிற்கவில்லை. தன்னை இகழ்ந்தவனைத் தானே நோக்குகின்றான். அந்நோக்கின்முன் வாசகன் தன் நிலையை எண்ணி நாணுகின்றான். அழுகை வியப்பிலே அடங்காது, வாசகனின் வெட்கமாக மாறுகின்றது.

இவ்வெழுத்துக்களை அக்காலத்து மரபுவாதிகள் சிலர் 'இழிசனர் இலக்கியம்' என்றனர். பேச்சுமொழி ஏட்டிலேறுதலை வெறுத்ததாகவே அவர் கூற்று வெளிக்குத் தோன்றும். ஆனால், மொழியின்மேற் காட்டிய அருவருப்புக்குள்ளே மொழிக்குரியார்மேற் கொண்ட அருவருப்பும் கலந்திருந்தமையை அச்சொல்லே காட்டிக்கொடுத்தது. வசையென வீசப்பட்ட அப்பெயரை அவ்வெழுத்தாளர்கள் தமக்குரிய பெயராகவே ஏற்றுக்கொண்டனர். இளிவு பெருமிதமாக மாறுதற்கு இதனின் தெளிவான சான்று காண்டல் அரிது. ஒரு சொல்லின் உணர்ச்சி மாறுதலும் சமுதாய மாற்றமேயாம்.

இனி வெகுளியின் காலம். 1966 அக்டோபர் 21இல் தீண்டாமைக்கெதிரான ஊர்வலமொன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. 1930களிலும் 1940களிலும் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையரின் உரைவிளக்கக் குறிப்புக்களோடு தொல்காப்பியம் அச்சேறிய ஊரும் அச்சுன்னாகமே. மெய்ப்பாட்டியல் அச்சான ஊரிலிருந்தே வெகுளி தெருவில் இறங்கி நடந்தது எனலாம். அடுத்த ஆண்டிலே தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தோன்றியது. வேறு பாத்திரத்திலே தேநீர் கொடுத்த கடைகளுள் நுழைந்து சமமாக இருந்து அருந்தும் போராட்டமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஆலயப் பிரவேசப் போராட்டமும் நிகழ்ந்தன.

மாவிட்டபுரத்து எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம், ஒக்ஸ்போர்டிற் கற்றவர், கணிதப் பேராசிரியர், 1947இல் அமைந்த அமைச்சரவையில் இடம்பெற்றவர். கல்வி பெருமிதத்துக்கு நிலைக்களன் என்பது உண்மையே. ஆனால், பிறன் தாழ்வின்மேல் எழுப்பப்பட்ட பெருமிதத்தைக் கல்வி தானாகவே கரைத்துவிடாது என்பதும் உண்மையே. எதிர்த்தாரிடத்துப் பத்தியும் இருந்தது, அச்சமும் இருந்தது. தெய்வம் முதலியவற்றாற் பிறக்கும் அச்சத்தைத் தொல்காப்பியர் கூறினார். தம் உயர்நிலை பறிபோகுமென்ற அச்சத்தை அவர் வேறாக எண்ணவில்லை. மாவிட்டபுரத்திலே இரண்டாவது அச்சம் முதலாவதன் ஆடையை உடுத்து நின்றது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் 1939 ஜூலை 8இல் திறக்கப்பட்டு ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டுகள் சென்றபின் நிகழ்ந்தது இது.

இப்போராட்டங்களில் நேரே ஈடுபட்ட கே. டானியல், அக்காலத்தைப் பின்புலமாக்கிப் 'பஞ்சமர்' என்னும் நாவலை எழுதினார். 1972இல் வெளிவந்த அந்நாவலின் நிலைபேறான உணர்ச்சி வெகுளியே. தனியொருவனின் துயரத்தைவிட ஒரு குடியின் கூட்டுச் சினத்தை அது பெரிதாகக் காட்டுகின்றது. நந்தன் ஒருவனாகத் தீயிற் புகுந்தான். டானியலின் மாந்தர் பலராகத் தெருவிற் புகுகின்றனர். தீயின் இடத்தைத் தெருவும், வியப்பின் இடத்தை வெகுளியும் கொண்டமையே தமிழிலக்கியத்துக்கு அந்நாவல் தந்த புதுமை.

குறை கூறாது விடுதலும் திறனாய்வாகாது. பல இடங்களிலே ஆவணத் தன்மை கலைத்தன்மையை விஞ்சிநிற்கின்றது. எதிரணியினர் கொடுமையின் உருவங்களாகவே பெரும்பாலும் வருகின்றனர். அவர்தம் உள்ளத்தே வெட்கம் அரும்பிய கணங்கள் போதிய அளவு விரிக்கப்படவில்லை. வெகுளி வாயிலைத் திறக்கவல்லது; திறந்த வாயிலினூடே இருவரும் ஒருவரையொருவர் நோக்க வேண்டுமாயின், உள்ளிருப்போனின் வெட்கமும் காட்டப்படுதல் வேண்டும். ஆயினும், இரக்கத்தையே கொடுத்துப் பழகிய இலக்கியத்துக்குச் சினத்தைக் கற்பித்த நூலிலே இக்குறை பொறுக்கத்தக்கதே.

1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரும் இடப்பெயர்வும் வீதிகளையும் வேலிகளையும் குலைத்தன. கோயில் வாயில்கள் பெரும்பாலும் திறந்துவிட்டன. சாதியை மேடையிலே வெளிப்படையாகப் போற்றுதற்கு இன்று பலர் கூசுவர். அக்கூச்சமும் ஒரு வெற்றியே. ஆனால், மணமக்கள் தேவை விளம்பரங்களிற் குலப்பெயர் இன்றும் அச்சாகின்றது. மேடையிலே கூசும் நா வீட்டுத் திண்ணையிலே கூசுவதில்லை. வெட்கம் வாயளவில் வந்தது. மனையளவில் இன்னும் வரவில்லை என்க.

ஆதலின், இலக்கியம் கற்பிப்போர் பொறுப்புப் பெரிது. நந்தன் கதையைக் கற்பிக்கும் ஆசிரியர், மாணவன் கண்ணிலே நீர் பெருகியதும் பாடம் முற்றிற்று எனக் கருதலாகாது. தீயில் மூழ்கியவன் நந்தனாக இருக்க, மதிலும் வாயிலும் ஏன் மாறாது நின்றன என்னும் வினாவை அக்கண்ணீர் காயுமுன்னர் எழுப்புதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடைதேடும் மாணவன், தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே அத்தேடலைத் தொடங்குவானாயின், மெய்ப்பாட்டியல் பரீட்சைக்குரிய பாடமாக மட்டும் நின்றுவிடாது.