மேலட்டையும் இதழும்

பழைய வார, மாத இதழ்களின் வண்ண மேலட்டைகளைத் தேடித் தொகுத்துக் கண்ணாடியிட்டுக் காட்சிக்கு வைப்போர் இன்று பலர் உளர். அவர்தம் ஆர்வம் போற்றத்தக்கதே. எனினும், அட்டையை இதழினின்று பிரித்தெடுத்துத் தனி ஓவியமாகக் கொள்ளும் முறை இலக்கிய வரலாற்றிற்குக் கேடு பயப்பது என்பது எம் கருத்து.

இம்முறை நெல்லைச் சீமைக்குப் புதியதன்று. 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர்தம் மாணாக்கரும் தீட்டிய தெய்வப் படங்கள் நாட்காட்டிகளாக அச்சேறி வீடுதோறும் புகுந்தன. ஆண்டு கழிந்ததும் நாட்தாளையும் வணிகர் பெயரையும் வெட்டி நீக்கிப் படத்தை மட்டும் சட்டமிட்டு மாட்டுவர். வழிபாட்டிற்கு அதுவே போதும். எவ்வாண்டு, எவர்பொருட்டு அச்சிடப்பெற்றது என ஆராய்வார்க்கோ வெட்டியெறிந்த அத்துண்டே சான்றாகும்.

இதழில் இவ்விழப்பு இன்னும் பெரிது. 1906-இல் சென்னையில் தோன்றிய ‘இந்தியா’ வார இதழை எட்டயபுரத்துப் பாரதியார் நடத்தியபோது அதன் முகப்பில் கருத்துப்படங்களை வெளியிட்டு, அவற்றிற்கு விளக்கமும் எழுதினார். படம் மூலமெனின் விளக்கம் உரையாகும். 1908-இல் வ.உ.சி. சிறைப்பட, நெல்லையில் கலகம் மூண்டது. அக்காலத்துப் படமொன்றை நாளும் விளக்கமும் இன்றிக் காண்பவர், அதிலுள்ள உருவங்கள் எவரைக் குறித்தன என்றறியாமலே நகைத்துச் செல்வர். ஆ. இரா. வேங்கடாசலபதி 1994-இல் தொகுத்து வெளியிட்ட ‘பாரதியின் கருத்துப்படங்கள்’ படத்தை இதழோடு வைத்து நோக்கினாலன்றி இயலாத பணி.

இதற்கு மறுதலையான வழக்கமும் உண்டு. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் ‘பொன்னியின் செல்வன்’ தொடர்ந்தபோது வாரந்தோறும் அப்பக்கங்களைக் கிழித்தெடுத்துக் கட்டடம் செய்து வைத்த குடும்பங்கள் பல. மணியத்தின் உட்படங்கள் அதனாற் பிழைத்தன. மேலட்டை பழந்தாட் கடைக்குச் சென்றது. கதை ஒரு வீட்டில், முகப்பு மறுவீட்டில்! அரிசியை இங்கும் உலையை அங்கும் வைத்தாற்போலும்.

‘அட்டைப்படம் உள்ளே வரும் கதையோடு தொடர்பற்றும் இருக்குமே, தனித்துக் காண்பதில் இழுக்கென்ன?’ எனின், அத்தொடர்பின்மையே ஆராய்ச்சிக்குரியது என்க. சிரிப்பூட்டும் முகப்பினுள்ளே துயரக் கதையொன்று வருமாயின் அவ்விதழ் தன் வாசகரை எங்ஙனம் மதித்தது? இரண்டாம் உலகப்போர்க்காலத் தாள் முடை அட்டையைத் தாக்கியதா, உட்பக்கத்தையா? இவ்வினாக்களுக்குச் சுவரில் தொங்கும் ஒற்றைத்தாள் விடை தாராது.

பத்துப்பாட்டை 1889-இல் பதிப்பிப்பதற்கு முன் உ.வே.சாமிநாதையர் திருநெல்வேலியிலும் ஆழ்வார்திருநகரியிலும் ஏடு தேடினார். பொருநைக்கரையில் எவரேனும் எழுத்தழகு கருதி நடுவோலை ஒன்றை உருவி வைத்திருப்பின் அப்பதிப்பு என்னாகியிருக்கும்?

ஆதலின், முழு இதழ் கிடைப்பின் வெட்டாது கண்ணாடிப் பேழையில் வைத்தலே தக்கது. முன்னரே பிரிந்துவிட்ட அட்டையாயின், சட்டமிடுமுன் அதன் பின்புற ஓரத்தில் இதழின் பெயர், மலர், இதழ் எண், நாள், விலை ஆகியவற்றுள் தெரிந்தனவற்றைக் குறித்தல் வேண்டும். பென்சிலால் மெல்ல எழுதுக. மை மறுபுறம் ஊறிவிடும்.